பூனைக்காலனாக நான் இருந்த ஞாயிறுகள்

1

சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான் என் மகளைக் காட்டிக்கொடுத்தேன். விளையாட்டில்தான். மேசையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் சிரிப்பை நிறுத்தினாள்.

மரிஷாவுக்கு அந்த வாரம் பதினாறு வயது முடிந்திருந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒண்டும் வேண்டாம் அப்பா, ஒரு நாள் எங்கட குரூப்போட வந்து விளையாடுங்க" என்றாள். என்னோடு வெளியே வரவே கூச்சப்படத் தொடங்கிவிட்ட பிள்ளை அவள். தபால் கந்தோரில் நான் ஜேர்மன் கதைத்தால் இரண்டடி தள்ளி நின்று சுவரொட்டி படிப்பாள். அவளாகக் கூப்பிட்டது எனக்குப் பெரிய விஷயம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னுடைய சனிக்கிழமை முறையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

பேர்ண் நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் அவர்கள் கூடுவார்கள். விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பலகை இல்லை, சீட்டு இல்லை. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். கோட்டைகளும் மந்திரவாதிகளும் நிறைந்த ஓர் உலகம். 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஒளிகிறேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். அங்கே கதை சொல்லுபவன் லூக்காஸ், மரிஷாவின் வகுப்புத் தோழியின் அண்ணன், தச்சுவேலை படிப்பவன்.

அவன் ஐந்து பாத்திரத் தாள்களை என் முன் விரித்தான். நான் மற்றவற்றைப் பார்க்கவே இல்லை. கறுப்பு முக்காடு போட்ட, பதுங்கியிருந்து கொல்லுகிற ஆளின் தாளை எடுத்தேன். "அப்பாவுக்கு இது தெரியும்" என்று மரிஷா மற்றவர்களுக்குப் பெருமையாகச் சொன்னாள்.

ஜேர்மன் மொழியில் பதுங்கிப் போவதற்கு ஒரு சொல், தடவிக்கொடுப்பதற்கு இன்னொரு சொல். என் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும். "நான் காவலாளியை மெதுவாகத் தடவிக்கொடுக்கிறேன்" என்று மிகத் தீவிரமாக அறிவித்தேன். மேசை அதிர்ந்தது. மரிஷா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், ஆனால் விரல்களுக்கிடையில் சிரித்தாள். பல வருடங்களுக்குப் பிறகு நான் அவளைச் சிரிக்க வைத்திருந்தேன்.

பிறகு நாங்கள் பிடிபட்டோம். கோட்டைத் தலைவன் ஒரு கத்தியை மேசையில் போட்டு, "இது யாருடையது?" என்று கேட்பதாக லூக்காஸ் சொன்னான். கத்தி என்னுடையது. அது எல்லோருக்கும் தெரியும். லூக்காஸ் என்னைப் பார்த்தான். நான் யோசிக்கவில்லை. என் கை தானாக நீண்டு மரிஷாவைக் காட்டியது.

"அவளுடையது" என்றேன்.

தாயக்கட்டையை உருட்டினேன். பத்தொன்பது. தலைவன் நம்பிவிட்டான். மரிஷாவின் பாத்திரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். மிச்ச நேரம் முழுக்க அவளுக்கு விளையாட ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்குப் பொரியலைக் கொறித்துக்கொண்டு இருந்தாள்.

பஸ்ஸில் அவள் சொன்னாள்: "நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க எண்டு நான் எல்லாருக்கும் சொல்லியிருந்தனான் அப்பா. இந்த விளையாட்டால நீங்க பதினொரு மாசம் ஜெயில்ல இருந்தனீங்க, அடிச்சும் உங்கட பிரெண்டின்ர பேரைச் சொல்லேல்ல எண்டு."

எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை அதுதான். என் அகதி விண்ணப்பக் கோப்பிலும் அதுதான் இருக்கிறது. அது நடந்தது உண்மை. ஆனால் எனக்கு நடக்கவில்லை.

2

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் கிளார்க். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் பாரந்தூக்கிகளும் கப்பல்களின் புகைபோக்கிகளும் தெரியும். அக்கம்பக்கத்தில் சிங்களப் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடி வளர்ந்ததால், சிங்களம் எனக்குத் தமிழைப் போலவே வரும். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கும்போது, என் அடையாள அட்டையில் கொழும்பு முகவரியைப் பார்த்து, என் சிங்களத்தைக் கேட்டு, "ஹரி மல்லி, யண்ட" என்று போகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது ஒரு திறமை என்ற நினைப்பு இருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. வெள்ளவத்தையில் கணக்கியல் ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேதான் குகனும் நிஸாமும் கூட்டாளிகள் ஆனார்கள்.

குகன் சாவகச்சேரியிலிருந்து வந்தவன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், லொட்ஜ் ஒன்றின் மூன்றாம் மாடி அறையில் தனியே இருந்தான். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்து வாங்க வேண்டிய துண்டை நாலாக மடித்து எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பான். சிங்களத்தில் பத்துச் சொல் தெரியும். குளிக்கப் போகும்போதும் அந்தத் துண்டை எடுத்துப் போகிறான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

நிஸாம் வெள்ளவத்தைக்காரன். அவனுடைய நானா, மூத்த அண்ணன், சிங்கப்பூரிலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். தடித்த அட்டை, மேலே நெருப்புக் கக்கும் பறவைநாகம், உள்ளே ஆங்கிலத்தில் நுணுக்கமாக விதிகள். வாப்பா கண்டால் கிழித்துப்போடுவார் என்று அவன் பயந்ததால், குகனின் அறையில் விளையாடினோம். எங்களிடம் இருபது முகத் தாயக்கட்டை இல்லை. ஒன்று முதல் இருபது வரை எழுதிய கடதாசித் துண்டுகளைப் பால்மாப் பேணியில் போட்டுக் குலுக்கி எடுப்போம்.

நிஸாம் கதை சொல்லுவான். குகன் காயங்களை ஆற்றும் மருத்துவனாக இருந்தான். "உனக்கு வேற ஒண்டும் ஆசை இல்லையாடா?" என்று கேட்டால், "ஆராவது ஒருத்தன் மருந்து கட்டத்தானே வேணும்" என்பான். நான் கொலையாளி. ஆங்கிலத்தில் அசாசின். பூனைக்காலன் என்று பெயர் வைத்தேன். பூனைக்காலன் சுவரோடு சுவராக நடப்பான். பத்து மொழி பேசுவான். எந்தக் கூட்டத்திலும் அந்தக் கூட்டத்து ஆளாகவே தெரிவான். காரியம் முடிந்து மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்போது அவன் அங்கே இருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடித்துவிட்டு பஸ் ஏறிப் போவேன். வெளியில் குண்டு வெடித்த செய்தி, ஊரில் ஷெல் விழுந்த செய்தி எல்லாம் இருக்கும். அந்த அறைக்குள் நாங்கள் ஒரு துறைமுகப் பட்டினத்தின் கொடுங்கோல் பிரபுவைக் கொல்லத் திட்டம் போட்டுக்கொண்டிருப்போம். எனக்குப் படம் நன்றாக வரும். பட்டினத்தின் வரைபடத்தை நான்தான் கீறினேன். எனக்குத் தெரிந்த துறைமுகம் ஒன்றே ஒன்று. எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிந்ததைக் கீறினேன். அலைதடுப்பு அணை, கிடங்குகள், வாசல்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் நானும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், துறைமுகம் என்றும் வடக்கு வாசல் என்றும் எழுதினேன். காவலர் மாறும் நேரம் எழுதினேன். பிரபுவின் வண்டி நிற்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, இலக்கு என்று எழுதினேன்.

எவ்வளவு மடத்தனம் என்று இப்போது வாசிப்பவர்களுக்குத் தோன்றும். எங்களுக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பட்டினமும் எங்கள் நகரமும் வேறு வேறு என்று உண்மையாகவே நம்பினோம்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை நிஸாம் பிந்திவிட்டான். நானும் குகனும் கட்டிலில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பகல் இரண்டு மணி இருக்கும். கீழே ஜீப் நிற்கும் சத்தம், பிறகு படிகளில் சப்பாத்துச் சத்தம். அந்த வாரம் நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. லொட்ஜ் லொட்ஜாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள்.

மூன்று பொலிஸார் உள்ளே வந்தார்கள். பெரியவர் அடையாள அட்டைகளை வாங்கினார். என்னுடையதை உடனே திருப்பித் தந்தார். குகனுடையதையும் பதிவுத் துண்டையும் கையிலேயே வைத்துக்கொண்டார். மற்றவர் மெத்தையைத் தூக்கினார், அலுமாரியைத் திறந்தார். பெரியவரின் கண் கட்டிலில் இருந்த வரைபடத்தில் விழுந்தது. எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைய ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சிவப்புப் புள்ளிக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தினார்.

"மேக்க காகெத?" இது யாருடையது என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நல்ல சிங்களத்தில், சிரித்த முகத்தோடு, இது ஒரு விளையாட்டு சேர், புத்தகம் நண்பனிடம் இருக்கிறது, இப்போது வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பாரா தெரியாது. சொல்லியிருக்கலாம். என் தலைக்குள் வந்தது ஒன்றுதான். அந்தப் படம் அப்பா வேலை செய்கிற துறைமுகம். கீறியவன் துறைமுகக் கிளார்க்கின் மகன்.

"எயாகே" என்றேன். அவருடையது. "நான் ரியூசன் கொப்பி வாங்க வந்தனான், சேர்" என்று சிங்களத்திலேயே சேர்த்துக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

குகனுக்குத் தெரிந்த பத்துச் சிங்களச் சொற்களில் அது ஒன்று. அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவன் போல ஒரு கணம் பார்த்தான். பிறகு பெரியவரிடம் திரும்பி, "ஓவ் சேர். மகே" என்றான். ஆமாம், என்னுடையது.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சேட்டுப் போட விட்டார்கள், செருப்புப் போட விடவில்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

4

நேரே நிஸாமின் வீட்டுக்குப் போனேன். சொல்லி முடிப்பதற்குள் அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"வா மச்சான், இப்பவே போவம். பொத்தகத்தப் பாத்தா அவனுகளுக்கு வெளங்கும் தானே. இதுலயும் மேப் எல்லாம் இரிக்கி. வாப்பாக்கிட்டச் சொல்றன். ஏசினா ஏசட்டும்."

அவன் சொன்னது சரி. புத்தகத்தில் அப்படியான வரைபடங்கள் பத்துக்கு மேல் இருந்தன. ஆனால் நாங்கள் போனால் படத்தைக் கீறியது யார் என்ற கேள்வி திரும்ப வரும்.

"நீ வர வேண்டாம். பொடியன்மார் போனா எங்களையும் உள்ளுக்கப் போட்டிடுவாங்கள். எங்கட பங்குச் சாமியாரிட்டக் குடுக்கிறன். அவர் கொண்டுபோனா மரியாதை இருக்கும்" என்றேன்.

நிஸாம் நம்பினான். சீலைப் பையில் போட்டுத் தந்தான்.

பஸ் எடுக்காமல் ரெயில் பாதைப் பக்கம் நடந்தேன். பாதைக்கு அப்பால் கற்பாறைகள், கடல். பின்னேர வெயிலில் இரண்டு சோடிகள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாறையில் இறங்கிப் புத்தகத்தை எறிந்தேன். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. மறுபடி எறிந்தேன். மறுபடி வந்தது. தாள்கள் ஊதி, இரண்டு மடங்கு தடிப்பாக. கடைசியில் முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு பாறைகளுக்கு இடையில் காலால் மிதித்துச் செருகினேன். வீட்டில், கடலில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். நிஸாமிடம், சாமியார் கொண்டுபோய்க் கொடுத்தாராம், அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்களாம் என்றேன். இரண்டு மாதத்தில் அவனை அவன் நானா சிங்கப்பூருக்கு எடுத்துக்கொண்டார்.

குகனின் அம்மா கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தார். ரியூசன் வாத்தியாரிடம் முகவரி கேட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மகனின் கூட்டாளி வீடு, சிங்களம் தெரிந்த வீடு. அப்பா ஒரு நாள் லீவு போட்டு அவரோடு பொலிஸுக்குப் போனார், அவருக்காக மொழிபெயர்க்க. அடுத்த மாதம் இன்னொரு நாள் போனார். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னைக் கேட்டார்:

"ஏதோ துறைமுகப் படமாம். என்ன படம் எண்டு உனக்குத் தெரியுமே?"

"தெரியாது அப்பா."

அப்பா காலமாகிவிட்டார். அந்தப் பதிலோடுதான் போனார்.

5

பதினொரு மாதம். பிறகு வழக்கு ஒன்றும் போடாமல் குகனை விட்டார்கள்.

ஊருக்குப் போகும் முன் என்னைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்கு வந்தான். தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். மெலிந்திருந்தான். மற்றபடி பார்வைக்கு அவனே. பாதத்தை நிலத்தில் முழுக்க வைக்காமல், விளிம்பால் நடந்தான்.

"பொத்தகத்தைக் குடுத்தனீங்களே?" என்று கேட்டான்.

"குடுத்தது. சாமியார் கொண்டுபோனவர். அவங்கள் கணக்கெடுக்கேல்ல."

"ஓம். அப்படித்தான் இருக்கும் எண்டு நினைச்சனான். நான் என்ர எண்டு சொன்னதும் அதுக்குத்தான். ரெண்டு பேரும் உள்ளுக்க போனா ஆர் வந்து விளங்கப்படுத்துறது? உனக்குச் சிங்களம் வரும். நீ வெளியில நிண்டா வருவாய் எண்டு."

தேநீரை ஆற்றுவதுபோல் கோப்பைக்குள் ஊதிக்கொண்டிருந்தேன். பிறகு, ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, "உள்ளுக்க என்னடா நடந்தது?" என்று கேட்டேன்.

அவன் சொன்னான். கடைக்காரர் இரண்டு முறை மேசையைத் துடைத்துவிட்டுப் போனார், அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். எல்லாவற்றையும் எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அவனுக்குப் படம் கீற வராது. அந்த வரைபடத்தைத் திரும்பக் கீறு என்று வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். அவன் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிக் கீறினான். அணை ஒருநாள் இடப்பக்கம் வந்தது, ஒருநாள் வலப்பக்கம். வேண்டுமென்றே மாற்றுகிறான் என்று அதற்குத்தான் அடித்தார்கள், பாதத்தில். "கடைசி வரைக்கும் அந்த வடக்கு வாசல் எங்க எண்டு எனக்கு ஞாபகம் வரேல்ல மச்சான்" என்று சொல்லிச் சிரித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன் அதை.

6

ஒன்றரை வருடம் கழித்து ஏஜென்சி ஒன்று என்னைச் சுவிஸுக்குக் கொண்டுவந்து விட்டது. எனக்கும் பயப்படக் காரணங்கள் இருந்தன. ஒரு சுற்றிவளைப்பில் என்னையும் பிடித்து மைதானத்தில் ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்தியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் காணாமல் போயிருந்தார். அதையே சொல்லியிருந்தால் ஒருவேளை போதுமாக இருந்திருக்கும். முகாமில் என் அறையில் இருந்தவர்கள், "இது எல்லாரும் சொல்லுறதுதான் தம்பி, இதுக்குத் தரமாட்டாங்கள்" என்றார்கள்.

விசாரணை அறையில் ஓர் அதிகாரி, தட்டச்சு செய்ய ஒரு பெண், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். கேள்விக்கு நம்பர் போட்டுப் பதிவார்கள். குகன் தேத்தண்ணிக் கடையில் சொன்னது முழுவதையும், அவன் சொன்ன ஒழுங்கிலேயே, நான் என்று சொன்னேன். அறையின் அளவு, யன்னலின் உயரம், பாதம். அழுதேன்கூட. நடிப்பில்லை அந்த அழுகை, ஆனால் யாருக்காக என்று அவர்களுக்குத் தெரியாது.

அதிகாரிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு விளையாட்டுப் படத்துக்காகவா பதினொரு மாதம்? அந்தப் படத்தைக் கீறிக் காட்ட முடியுமா என்று கேட்டார். வெள்ளைத் தாளும் பேனையும் தந்தார். ஐந்து நிமிடத்தில் கீறினேன். அணை, கிடங்குகள், வடக்கு வாசல், காவலர் மாறும் நேரம், புள்ளி. இடைவேளைக்குப் பிறகு மறுபடி கீறச் சொன்னார். அச்சொட்டாக அதையே கீறினேன். அவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரல் மென்மையானது.

"படம் யாருடையது?" என்று பதிவுக்காகக் கேட்டார்.

"என்னுடையது" என்றேன். அன்றைக்குச் சொன்ன அத்தனையிலும் அது ஒன்றுதான் உண்மை. அதையும் இரண்டரை வருடம் பிந்தி, ஆபத்தில்லாத ஓர் அறையில், பரிசு கிடைக்கும் என்று தெரிந்து சொன்னேன்.

தஞ்சம் கிடைத்தது. வதிவிட அட்டைகள் நிறம் மாறின. உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறகு ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வந்தேன். உப்பில்லாத சாப்பாடு யாருக்கு, அரைத்த சாப்பாடு யாருக்கு என்று தட்டுகளைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிறேன், இன்றுவரை. கல்யாணம் முடித்தபோது மனைவி சாந்திக்கும் அதே கதையைச் சொன்னேன். கோப்பில் இருப்பது ஒன்றும் வீட்டில் இருப்பது ஒன்றுமாக இருக்கக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. மகள் வளர்ந்தபோது அவளும் கேட்டாள். நத்தார் நாளில் குகனுக்கு ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்புவேன். அவன் வெள்ளவத்தைக்கே திரும்பி வந்து கணித ரியூசன் நடத்துகிறான். "உங்களுக்கும்" என்று பதில் வரும்.

7

பஸ்ஸில் மரிஷா அப்படிச் சொன்ன அன்றே நான் சொல்லவில்லை. எட்டு நாள் எடுத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாந்தியும் அவளும் கோப்பி குடிக்கும்போது சொன்னேன். சாந்தி எழுந்து போய்க் குசினி யன்னலைத் திறந்துவைத்து, அங்கேயே நின்றாள். மரிஷா வழக்கமாக ஜேர்மன் கலந்துதான் கதைப்பாள். ஆனால் அன்று ஒரு ஜேர்மன் சொல்கூடக் கலக்காமல் கேட்டாள்.

"அப்ப நான் இங்க பிறந்ததும் அந்த மாமான்ர கதையாலதானா?"

"ஓம்."

"அவருக்குத் தெரியுமா?"

"இல்லை."

"போன் பண்ணுங்க."

"இப்பவே பண்ணாட்டி நீங்க பண்ண மாட்டீங்க" என்று இரண்டாம் முறையும் அவள்தான் சொன்னாள். அங்கே பின்னேரம். குகன் வகுப்பு முடித்து வந்திருந்தான். பின்னால் காலி வீதி பஸ்ஸின் சத்தம் கேட்டது. நான் புத்தகத்தில் தொடங்கினேன், கடலில் எறிந்ததை.

"தெரியும் ஜூட்" என்றான்.

"எப்ப இருந்து?"

"உள்ளுக்க இருக்கேக்கயே. மூண்டாம் மாசமளவில. பொத்தகம் வந்திருந்தா அவங்கள் என்னைப் படம் கீறச் சொல்லியிருக்க மாட்டாங்கள் தானே."

"தெரிஞ்சு கொண்டே அண்டைக்குத் தேத்தண்ணிக் கடையில எல்லாத்தையும் எனக்குச் சொன்னனீ?"

"நீ கேட்டாய். வேற ஒருத்தரும் கேக்கேல்ல. அம்மாவும் மறந்துவிடு எண்டுதான் சொன்னவ."

மரிஷா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மிச்சத்தையும் சொல்லுங்கள் என்று தலையால் காட்டினாள். சுவிஸ் விசாரணையைச் சொன்னேன். அவனுடைய பதினொரு மாதத்தை எடுத்து நான் இந்த நாட்டில் இருக்கிறேன் என்று சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை போனைப் பார்த்தேன்.

"அவங்கள் நம்பினவங்களே?" என்று கேட்டான்.

"ஓம்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"இங்க நான் சொன்னா பாதியை நம்ப மாட்டாங்கள்" என்றான். பிறகு, "எழுதி வைச்சிருக்கிறாங்களோ?" என்றான்.

"ஓம். ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்தோட."

"எனக்கு அனுப்பு. என்னை விடேக்க ஒரு துண்டுக் கடதாசி தரேல்ல. நான் அங்க இருந்தனான் எண்டு காட்ட என்னட்ட ஒண்டும் இல்லை."

8

பழைய கோப்பின் பிரதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கடிதத்தை மரிஷா எழுதினாள். 'சொந்தத் தேவைக்கு' என்று காரணம் போட்டாள். சாந்தி, "இதைக் கிளறி என்ன வரப்போகுதோ" என்றாள். ஆனால் முத்திரை ஒட்டியது அவள்தான். ஆறு வாரத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. சில பெயர்களின் மேல் கறுப்பு மை. கடைசியில் என் இரண்டு வரைபடங்கள்.

மூன்று பின்னேரங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். மரிஷா ஜேர்மனில் வாசிப்பாள், நான் தமிழில் கையால் எழுதுவேன். பாதத்தைப் பற்றிய பக்கத்தில் அவள் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். 'நான்' என்று கோப்பில் வந்த இடங்களில் நானும் 'நான்' என்றே எழுதினேன். அதைச் சொன்னவன் குகன்தானே.

மூன்றாம் நாள் ஒரு கேள்வி வந்தது. நம்பர் அறுபத்தேழு. மரிஷா வாசித்தாள்: "உங்கள் நண்பர் ஏன் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து உங்களைக் காப்பாற்றவில்லை?"

பதில்: "அவன் பயந்துவிட்டான். அவனுக்கும் குடும்பம் இருந்தது. நான் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன்."

அப்படி ஒன்று சொன்னது என் நினைவில் இல்லவே இல்லை. கீழே என் கையெழுத்து.

மரிஷா தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது ஆர் சொன்னது?"

"நான்."

"ஆரா இருந்து?"

பேனையை எடுத்தேன். அந்தப் பதிலையும் மொழிபெயர்த்து எழுதினேன். மறைக்கலாம் என்ற எண்ணம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்? அவள் எதிரில் இருந்ததால் எழுதினேன். பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினோம்.

அடுத்த சனிக்கிழமை மரிஷா கீழ்த்தள அறைக்குப் போனாள். தான் சொன்ன கதை பிழை என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னாளாம். என்னை மறுபடி கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு நாள் குகனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள், காலைச் சாப்பாட்டு வண்டிகளை அனுப்பிவிட்டுக் குளிர் அறைக்குப் பின்னால் நின்றபோது, ஒரு குரல் பதிவு வந்தது.

"வாசிச்சன் ஜூட். ரெண்டு தரம் வாசிச்சன். எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கிறாய். நான் மறந்துபோனதும் அதில இருக்கு. என்ர மனிசிக்கும் வாசிக்கக் குடுத்தனான், இப்பதான் அவளுக்கு முழுக்கத் தெரியும். அந்த அறுபத்தேழு மட்டும் என்ர பதில் இல்லை. என்னை ஒருத்தரும் அப்படிக் கேக்கவும் இல்லை. அதை வெட்டிப்போட்டுத் திருப்பி அனுப்பு. அந்த இடத்தில ஒண்டும் எழுதாத. வெறுமையா விடு."

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். கோடு போட்டு வெட்டினால் கீழே இருப்பது தெரியும் என்பதால், புதுத் தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன். கேள்வியை எழுதினேன். அதன் கீழே நாலு வரி இடம் விட்டேன். அறுபத்தெட்டிலிருந்து தொடர்ந்தேன்.